மோட்டாருக்குள் இருந்த நாலு வரி

விரல் நகத்தில் வார்னிஷும் காதோரம் பென்சிலுமாகத் திரிந்த என் அண்ணாவுக்கு,

உனக்கான கல் வந்துவிட்டது. ஜாபர் பாய் கடை வாசலில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது. வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம் முடிகிறது. அன்றைக்குக் குருவிநத்தம் ஆற்றங்கரையில், நீ கவிதை படித்த அதே இடத்தில், கல்லை நட்டுக் கூட்டம் போடப் போகிறார்கள். கல்லில் எதைச் செதுக்குவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, என்னைத் தவிர.

அதனால்தான் இந்தக் கடிதம். கூட்டத்தில் கொடுப்பதற்கு பாய் ஒரு மலர் அச்சடிக்கிறார், அதில் இது வரும். நாம் இரண்டு பேரும் கடைக்குள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது ஊர் கேட்கப் பேசுகிறேன். கேட்கட்டும்.

முதலில் கடைச் சேதி. கடை நன்றாகவே நடக்கிறது. பாகூரில் கரண்ட் ஏறி இறங்குகிற வரைக்கும் மோட்டாருக்குள் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஏம்பலத்திலிருந்து நேற்று மட்டும் இரண்டு சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது, இரண்டும் கரிந்துபோய். வருகிறவர்கள் இன்னும் உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று கேட்கிறார்கள். "நான்தான் மெக்கானிக், இன்னா வேணும்?" என்றால் மோட்டாரை இறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். இருபது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றியவள் நான். நீ கவிதை யோசித்துக்கொண்டு எண்ணிக்கையைக் கோட்டைவிட்ட நாளெல்லாம், எத்தனையாவது சுத்து என்று சொன்னவளும் நான்தான்.

உன் வழக்கத்தையும் விடவில்லை. காயில் கட்டி முடித்ததும் என்ன கேஜ் ஒயர், எத்தனை சுத்து என்று ஒரு துண்டு லெதராய்டு பேப்பரில் எழுதி, தேதி போட்டு, மோட்டாரின் மேலே ஒயர் சேரும் டப்பாவுக்குள் மடித்து வைத்துவிட்டுத்தான் மூடுகிறேன். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் சொருகுகிற தடித்த காகிதம் அது, லேசில் மக்காது. "அடுத்து தொறக்கறவன் நம்மள திட்டக்கூடாது பாரு" என்பாய். வேறு எந்தக் கடையிலும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. இந்தக் காகிதத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மலரைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியாது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஆற்றில் மணல் அள்ளுகிற லாரிகளை மறித்து ஊர் உட்கார்ந்த அன்று காலையில் நீ மைக்கில் ஒரு கவிதை படித்தாய். மத்தியானம் நீ கடைக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே எவனோ ஒரு லாரியின் கண்ணாடியை உடைத்தான். சாயங்காலம் போலீஸ் ஜீப் நம் கடைக்கு வந்தது. கல்லெறிந்த கை யாருடையது என்று தெரியவில்லையாம், ஆனால் எறியச் சொன்னது உன் கவிதையாம். கை கழுவக்கூட விடாமல் வார்னிஷோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜெயிலில் வாரத்துக்கு ஒரு தரம் மனுப் போட்டு உன்னைப் பார்க்கலாம். இரண்டு பஸ் மாறி வந்து, பெயர் கூப்பிடும்வரை வெளியே நின்று, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் நீ. பதினைந்து நிமிஷம். முதல் மனுவிலேயே சொன்னாய்: "வார்டர்கிட்ட பேப்பர் கேட்டேன் அஞ்சலை. உனக்கு பேப்பர் குடுத்து வந்த வெனதானேய்யா இதெல்லாம்ன்றான்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ உள்ளே எப்படி இருந்தாய் என்று மேடையில் என்னென்னவோ பேசுகிறார்கள். நீ என்னிடம் சொன்னது வேறு. படுக்கிற இடம் ஒன்றரை முழம், புரள வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும் என்றாய். சோறு பரவாயில்லை, குழம்பில் காயைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்றாய். பெயரை விட்டுவிட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே கூடாது என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தாயாம். மூன்றாம் நாள் டீ கிடைக்காமல் போனதும் திரும்பிவிட்டாயாம். வார்டில் நின்றுபோயிருந்த ஃபேன்களை நீ ஓடவைத்த பிறகுதான் உன்னை 'வா போ' என்பது குறைந்தது.

காகிதம் இல்லாததால் ஒரு வழி கண்டுபிடித்தாய். கவிதையை மனதுக்குள் கட்டி வைத்துக்கொண்டு, மனுவில் நீ ஒரு வரி சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே வந்து பஸ்ஸில் எழுதிக்கொள்வேன். ஒரு வரியும் தவறக் கூடாது என்று முதலிலேயே விரலைக் காட்டி எண்ணிக்கை சொல்லிவிடுவாய். "இன்னிக்கு ஒம்போது வரி. எண்ணிக்கோ." காயில் சுற்றுகிற மாதிரிதான். இப்படி ஏழு கவிதை வெளியே வந்தது. ஜாபர் பாய் தன் ஜெராக்ஸ் கடையிலிருந்து நடத்துகிற நாலு பக்கப் பத்திரிகையில் எல்லாவற்றையும் போட்டார்.

எட்டாவது கவிதைக்குப் பதினாறு வரி என்றாய். ஜெயில் மோட்டார் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற சத்தத்தை அரைத்தூக்கத்தில் கேட்டு, ஆறு வந்துவிட்டது என்று நீ எழுந்து உட்காருகிற கவிதை. பன்னிரண்டு வரி சொன்னோம். மணி அடித்துவிட்டார்கள். "மீதி நாலு அடுத்த வாரம்" என்று விரலைக் காட்டிக்கொண்டே போனாய்.

அடுத்த வாரம் இல்லை. உள்ளே ஏதோ அடிதடி என்று மூன்று வாரம் யாருக்கும் மனு கிடையாது என்றுவிட்டார்கள். இரண்டாவது வாரம் வாசல்வரை வந்து திரும்பிப் போகும்போது, சும்மா இருக்க முடியாமல் குருவிநத்தம் போய் ஆற்றைப் பார்த்தேன். மறுபடியும் லாரி இறங்கியிருந்தது. மறித்தவனை உள்ளே வைத்துவிட்டு ஆற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உன் பன்னிரண்டு வரி எழுதியிருந்த தாளை எடுத்து, அதன் கீழே நானே நாலு வரி எழுதினேன்.

பூட்டியவன் சாவியை எண்ணட்டும்
அள்ளியவன் லாரியை எண்ணட்டும்
ஆறு எண்ணுவது ஒன்றைத்தான்
திரும்பி வரும் நாளை.

அதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கடைசி நாலு வரியில் விரலை வைத்து, "இதான்யா கலியமூர்த்தி!" என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நீ ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அம்மா சோற்றுப் பானையில் உனக்கென்று ஒரு பிடி ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அதையே தண்ணீர் ஊற்றிக் குடிப்பாள். இதை உன்னிடம் ஒரு மனுவில் சொன்னபோது, கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? பதினாறு வரியும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "இன்னாடி இவ்ளோ கோவமா பேசறான். வூட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"கவிதைல வூட்டப் பத்தி எப்பிடிம்மா சொல்லுவான்" என்று அவளை அடக்கிவிட்டேன்.

மூன்று வாரம் முடிவதற்குள் உன் ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. கிடைத்துவிடும் என்றுதான் நம் வக்கீல் சொன்னார், உனக்கு மாற்றுச் சட்டைகூட எடுத்து வந்திருந்தேன். அரசு வக்கீல் எழுந்து பாயின் பத்திரிகையை விரித்தார். உன் பன்னிரண்டு வரியை விட்டுவிட்டு என் நாலு வரியை மட்டும் படித்தார். உள்ளே இருந்துகொண்டே மிரட்டுகிறார், வெளியே விட்டால் என்ன செய்வார் என்றார்.

நீ அந்த வரிகளை முதல்தடவை கேட்டது அங்கேதான். அதை உன் முகத்தில் பார்த்தேன். காயிலில் ஒரு சுத்து கூடிப்போனால் கையாலேயே தடவிக் கண்டுபிடிக்கிறவன் நீ. தலையைத் திருப்பி, கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாய்.

நீதிபதி கேட்டார், இது நீங்கள் எழுதியதா என்று. நீ இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்திருப்பாய். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் எழுதியது என்பதாக இருந்திருக்கும். "ஆமாங்க ஐயா. பதினாறு வரியும் என்னுதுதான்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நினைத்தேன், திறக்கவில்லை. இதற்கு மேல் இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாலு வரிக்காக இன்னும் ஐந்து மாதம் உள்ளே இருந்தாய். மனு திரும்பக் கிடைத்தபோதும் நீ வரி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலாவது மாதம் அம்மா போய்விட்டாள். இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து, கொள்ளி வைத்துவிட்டு, தலை ஈரம் காயாமல் திரும்ப வண்டி ஏறினாய். அன்றும் நீ என்னை எதுவும் கேட்கவில்லை. பானையில் உனக்கு ஒதுக்கிய சோறு அப்படியே இருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் அதைக் காக்காய்க்கு வைத்தேன்.

நீ வெளியே வந்த பிறகு ஒரே ஒரு தரம் கேட்டேன். "அந்த மீதி நாலு வரி இன்னாண்ணா?" காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் வந்துடுச்சே, வுடு" என்றாய்.

அதற்குள் என் வரிகள் வில்லியனூர் வரை சுவரேறிவிட்டன. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்தக் கவிதையைத்தான் கேட்டார்கள். நீ பன்னிரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்துவாய். "மீதிய என் தங்கச்சி சொல்லுவா" என்று மைக்கை என் பக்கம் திருப்பிவிடுவாய். அண்ணன் தங்கை பாசம் என்று கை தட்டுவார்கள். நீ குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்து, ஒருதடவை இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். குத்திக்காட்டினாயா, இல்லை என்னுடையதை என்னிடமே கொடுத்தாயா? இதைக் கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேனே அண்ணா.

நீ போனதற்கு ஜெயில்தான் காரணம் என்று பேசுகிறார்கள். நான் தலையாட்டுவதில்லை. சுகரை வைத்துக்கொண்டு டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டது யார் என்று எனக்குத் தெரியும். மாரடைப்பு வந்தபோது உன் கையில் மைக் இல்லை, கொறடுதான் இருந்தது.

போன வாரம்தான் விஷயம் வந்தது. ஒரு டாட்டா ஏஸில் மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். உன் வார்டில் காவலுக்கு இருந்த வார்டராம். "அவுரு போயிட்டாருன்னு பேப்பர்ல பாத்தேம்மா. இது எங்க தண்ணி மோட்டாரு. உள்ள இருக்க சொல்ல அவுருதான் கட்டிக் குடுத்தாரு. இத்தினி வருசம் ஓடிச்சு. வேற எங்கியும் குடுக்க மனசு வரல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். நீ பேப்பர் கேட்டபோது இல்லை என்றது இவர்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் போனதும் டப்பாவைத் திறந்தேன். உன் காகிதம் இருந்தது. ஓரம் மட்டும் பழுத்திருந்தது. காகிதம் தரமாட்டோம் என்றவர்கள், மோட்டார் கரிந்து குடிக்கத் தண்ணீர் இல்லை என்றதும் லெதராய்டு பேப்பரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அளவு குறிக்கப் பென்சிலும் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் வழக்கம்போல கேஜ், சுத்து, தேதி. மனு இல்லாமல் நாம் பார்த்துக்கொள்ளாத அந்த மூன்று வாரத்தில் ஒரு தேதி.

திருப்பினேன். பின்பக்கம் பதினாறு வரி, பொடிப்பொடியாக. மறந்துவிடும் என்று பயந்து எழுதி வைத்தாயா? அடுத்துத் திறக்கிறவன் நானாகத்தான் இருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? இல்லை, யார் திறந்தாலும் சரி என்று விட்டாயா? பன்னிரண்டு வரியும் எனக்குத் தெரிந்ததுதான். கடைசி நாலு வரி இப்படி இருந்தது:

அம்மா, பானையில் எனக்கென்று
ஒரு பிடி ஒதுக்காதே
நீ சாப்பிட்டுத் தூங்கு
நான் சாப்பிட்டாச்சு.

மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ ஸ்டார்ட்டர் கேட்டு வந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். இதை அம்மா கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டாள், வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று. நீ சொல்லியிருந்தாய். அந்த இடத்தில் நான் என் கோபத்தை வைத்துவிட்டேன். அம்மா போன பிறகு நீ ஏன் இந்த நாலு வரியை யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜாபர் பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஊரே அத அவன் வரின்னு சொல்லிகினு இருக்குது. இப்ப போயி இன்னாத்துக்கும்மா?"

"அவன் வரி இல்ல பாய்."

"அவன் கோர்ட்டுல நின்னு என்னுதுன்னு சொன்னான். அதுக்கு அஞ்சு மாசம் இருந்தான். அவன் சொன்னத நீ பொய்யாக்கப் போறியா?"

மூன்று நாள் காயில் சுற்றிக்கொண்டே இந்தக் கேள்வியை யோசித்தேன். பாய் சொல்வதில் நியாயம் இருந்தது. நீ எனக்காகச் சொன்னதை நானே உடைத்தால் உனக்குப் பிடிக்குமா?

நாலாம் நாள் போய்ச் சொன்னேன். "பாய், கல்லுல என் வரிய போட்டா, கோவக்காரன் ஒருத்தன் இருந்தான்னு படிச்சிட்டு போவாங்க. அவன் கோவக்காரன் இல்ல. நான்தான். அவன் தங்கச்சிக்காக உள்ள இருந்தவன். அது தெரிய வேணாமா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் தான் அச்சடிச்சேன்" என்றார். கோர்ட்டில் விரித்தது தன் பத்திரிகை என்பது இத்தனை வருஷம் அவருக்கும் ஒரு பாரமாக இருந்திருக்கிறது. "எழுதிக் குடு. ஒரு எழுத்து வுடாம போடறேன்." அதுதான் இந்தக் கடிதம்.

சிலர் கோபப்படுவார்கள். சுவரில் எழுதிய பிள்ளைகள் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். வந்து கேட்கட்டும். அந்த வரியில் இருக்கிற கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஆற்றில் லாரியும் இன்னும் நிற்கவில்லை.

ஜெயில் மோட்டாரை நேற்று கட்டி முடித்தேன். உன் கேஜ், உன் எண்ணிக்கை, ஒரு சுத்துகூட மாற்றவில்லை. புதிதாக ஒரு துண்டு லெதராய்டு பேப்பர் வெட்டி முன்பக்கம் கணக்கும் தேதியும் எழுதினேன். பின்பக்கம் உன் பதினாறு வரியையும் எழுதி, கீழே கலியமூர்த்தி என்று போட்டேன். ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே என் நாலு வரியையும் எழுதினேன். அதன் கீழே, கோர்ட்டில் நான் சொல்லாமல் விட்ட பெயரை எழுதினேன். மடித்து டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். நாளைக்கு வார்டர் வந்து உள்ளே எடுத்துப் போவார்.

கல்லில் உன் நாலு வரிதான் வரும் அண்ணா. கூட்டத்தன்று மைக்கை யாரும் என் பக்கம் திருப்ப வேண்டியதில்லை, நானே வாங்கிப் பதினாறையும் ஒரு வரி விடாமல் எண்ணிச் சொல்வேன். வீட்டில் அம்மா படத்துக்கு முன்னால் நேற்றே சொல்லிவிட்டேன், நீ சாப்பிட்டுவிட்டாய் என்று.

நீ பெயர் சொல்லாமல் காப்பாற்றிய உன் தங்கச்சி,
அஞ்சலாட்சி